இணைச்சீருக்குப் போன கார்

கரும்பாலைக் கொட்டகையின் புகை முதுகுக்குப் பின்னால் சிறுத்துக்கொண்டே போனது. நான் வடக்கே பார்த்து நடந்துகொண்டிருந்தேன். இடது கையில் மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை துணிக்கட்டு. வலது தோளில் பை. வாய்க்கால் ஓரத்து வாழைத்தோட்டங்கள் முடிந்து, சோளக்காடும் கிணறும் வேலியுமாக நிலம் மாறத் தொடங்கியிருந்தது.

கொதிக்கிற பாகு கையில் பட்டால் தண்ணீர்போல வழிந்து போகாது. ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டே வேகும். பரமத்தி வேலூர் பக்கத்து ஆலையில் எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

ஆலைக்காரர் நல்ல மனுஷர். "காயம் ஆறுற மட்டும் சும்மா உக்காந்து சாப்புடுங்க" என்றார். மற்றவர்கள் அடுப்புக்குள் சக்கை தள்ளிக்கொண்டிருக்கும்போது கட்டிலில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பது எனக்கு வராது. கொஞ்ச நாளில் அவர்கள் கண்ணில் நான் ஆளாகவே தெரிய மாட்டேன். மதியச் சோறு தின்றதும் கிளம்பிவிட்டேன்.

எங்கே போறீங்க என்று கேட்டார்கள். திருச்செங்கோட்டுப் பக்கம் என்றேன். எனக்குத் தெரிந்தது அந்தத் திசை மட்டும்தான்.

இந்தத் தொடரைப் படிக்கும் ஒரு வாசகர், "நீங்கள் ஏன் ஓர் இடத்திலும் தங்குவதில்லை, ஏதாவது வேதனையா?" என்று கேட்டு எழுதியிருந்தார். பெரிய வேதனை ஒன்றும் இல்லை. ஏழாம் வகுப்பில் பாதியில் எழுந்து வெளியே வந்தவன், அதற்குப் பிறகு எந்த இடத்திலும் முழுசாக உட்காரவில்லை. அவ்வளவுதான்.

புளியமரத்தடி

சாலை வளைவில் ஒரு புளியமரம். அதன் கீழே வெள்ளைக் கார் ஒன்று மூடியைத் திறந்துகொண்டு நின்றது. பழைய வண்டிதான். ஆனால் பளபளப்பில் கண் கூசியது. முகப்பில் செவ்வந்தி மாலை, கண்ணாடியில் சந்தனப் பொட்டு. பின் சீட்டில் பித்தளைக் குடம், பழத் தாம்பாளங்கள்.

புது வேட்டியை மடித்துக் கட்டியிருந்த ஒருவர் இடுப்புவரை இன்ஜினுக்குள் இருந்தார். பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் தலை நிறையப் பூவோடு சாலையைப் பார்த்து நின்றாள்.

"ஏனுங்ணா, இங்க பக்கத்துல மெக்கானிக் ஆராச்சும் இருக்காங்களா?" என்று அவள்தான் கேட்டாள்.

இரண்டு கல் தொலைவுக்கு நான் ஒரு கடையையும் பார்க்கவில்லை. அதைச் சொன்னேன்.

இன்ஜினுக்குள்ளிருந்து குரல் வந்தது. "மெக்கானிக் எதுக்கு? இந்தக் கைப்பம்பு எங்க இருக்குதுன்னு தெரிஞ்சா நானே முடிச்சுருவேன்."

"அரை மணி நேரமாத் தேடறீங்க."

"எங்கியோ மறைச்சு வெச்சிருக்கான் கம்பெனிக்காரன், கோமதி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். "ஏங்க, இது பெட்ரோல் வண்டியாச்சே" என்றேன். "இதில் கைப்பம்பு இருக்காதே."

அவர் தலையை வெளியே எடுத்தார். நெற்றியில் விபூதிக்கு மேலே கரி. "இருக்காதுங்களா?" என்றார். ஏதோ வீட்டில் அடுப்பே இல்லை என்று சொன்னதுபோல இருந்தது அந்த முகம்.

டீசல் ஊர்க்காரர்

அவர் பெயர் முருகேசன். சொந்த ஊர் எடப்பாடி, நெசவுக் குடும்பம். தறிச் சத்தம் பிடிக்காமல் சின்ன வயதிலேயே சங்ககிரிக்கு ஓடிவந்து லாரி ஏறியவர். கிளீனர், டிரைவர், இப்போது ஒரு லாரிப் பட்டறையில் பங்கு.

சங்ககிரி டீசல் ஊர். அங்கே ஒரு வண்டி இழுக்கவில்லை என்றால் முதலில் டீசல் லைனில் காற்று புகுந்திருக்கும் என்பார்கள். பைப்பைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்து, நுரை போகும்வரை டீசலை வெளியே விட்டு, மறுபடியும் முறுக்குவார்கள். வண்டி கிளம்பிவிடும். முருகேசன் அந்த வைத்தியத்தைத் தூக்கத்தில்கூடச் செய்வார். பெட்ரோல் இன்ஜினுக்குத் தீப்பொறி வேண்டும் என்பது அவருக்கும் தெரியும்தான். ஆனால் கைக்குத் தெரிய வேண்டுமே.

அந்த வழியாக வந்த லாரி ஒன்று வேகத்தைக் குறைத்தது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"என்ன முருகேசா, டாட்டா காட்டிட்டுப் போன, இங்கயே நிக்கற. கட்டி இழுத்துட்டுப் போயி மாமனார் ஊட்டு வாசல்ல வுட்டுடட்டுமா?"

"போடா, வேலயப் பாரு."

லாரி போய்விட்டது. முருகேசன் முகம் சுருங்கிவிட்டது. அது ஏன் என்று கோமதி சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

அக்காவின் இடம்

கோமதிக்குப் பரமத்தி வேலூர்ப் பக்கம். வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் உள்ள விவசாயக் குடும்பம். முருகேசனைக் கட்டிக்கொண்டு போன நாளிலிருந்து அவள் அப்பா அவளோடு பேசவில்லை. ஆறு வருஷம் ஆகிவிட்டது. நல்லது கெட்டது எதற்கும் அழைப்பு இல்லை.

மறுநாள் காலையில் அவள் தம்பி பிரபுவுக்குக் கல்யாணம். அன்று சாயங்காலம் மண்டபத்தில் இணைச்சீர். அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் அது முக்கியமான சடங்கு. மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ மணப்பெண்போலவே அலங்காரம் செய்துகொண்டு அவனுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். கூறைச்சேலையின் ஒரு முனை அவனிடம், மறுமுனை அவளிடம். இவள் எங்கள் வீட்டுப் பெண், கல்யாணம் ஆனாலும் இவளுக்கு இங்கே இடம் உண்டு என்று ஊர் முன்னால் சொல்வதுதான் அது.

தம்பி ஒற்றைக் காலில் நின்றிருக்கிறான். அக்கா நின்றால்தான் சீர், இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று.

"எங்கப்பன் கடசீல என்ன சொன்னாருங்கறீங்க? 'பொழுது எறங்கறதுக்குள்ள வந்தா நிக்கட்டும். இல்லீன்னா பெரியப்பன் மவ நிப்பா'. அவ்வளவுதானுங்ணா. வான்னும் சொல்லுல, வராதன்னும் சொல்லுல."

அவள் மேற்கே பார்த்தாள். வெயில் இன்னும் மஞ்சளாகவில்லை. ஆனால் புளியமரத்து நிழல் சாலையின் அந்தப் பக்கத்தைத் தொட்டிருந்தது.

"ஸ்டார்ட் பண்ணுங்க, சத்தம் கேட்போம்" என்றேன்.

இன்ஜின் ஓடியது. ஆனால் நொண்டியது. ஈரச்சக்கை போட்ட அடுப்பு விட்டுவிட்டு எரியுமே, அப்படி. வண்டி முழுக்க உதறியது. முன்பலகையில் மஞ்சள் விளக்கு சிமிட்டியது.

"மிஸ்ஸிங் அடிக்குது" என்றேன். "நேற்று இன்ஜினில் ஏதாவது செய்தீர்களா?"

முருகேசன் குனிந்து இன்ஜினைப் பார்த்தார். கோமதி பேசினாள்.

"குளிப்பாட்டுனாருங்க."

இன்ஜினுக்குக் குளியல்

ஆறு வருஷம் கழித்து மாமனார் முன்னால் போய் நிற்கப் போகிறோம். வண்டி சுத்தமாக இருக்க வேண்டும். வெளியே மட்டும் சுத்தமாக இருந்தால் அது ஏமாற்று. அப்படி நினைத்த முருகேசன், பட்டறையில் லாரி இன்ஜினை எப்படி வாட்டர் சர்வீஸ் செய்வாரோ அப்படியே காரையும் செய்திருக்கிறார். லாரிச் சேற்றைப் பெயர்க்கிற அதே பம்பு, அதே அழுத்தம். பிறகு, தண்ணீர் உள்ளே போயிருக்குமோ என்று சந்தேகம்.

"மேல நாலு கப்ளர் இருந்துச்சுங்க. ஒவ்வொண்ணாப் புடுங்கித் தொடச்சு மாட்டுனேன். ஒண்ணு மட்டும் வர மாட்டேன்னுச்சு. ஸ்குரூ டிரைவர் போட்டு நெம்புனேன். டிக்குன்னு ஒரு சத்தம்."

"அந்தச் சத்தம்தான்" என்றேன்.

எனக்கு அந்தச் சத்தம் நன்றாகத் தெரியும். சேலத்தில் பழைய வண்டி உடைக்கும் கடை ஒன்றில் கொஞ்ச காலம் இருந்தேன். மோதி நொறுங்கிய கார்கள் வரும். கதவு ஒருவர், கண்ணாடி ஒருவர், இன்ஜின் இன்னொருவர் என்று பிரித்துக்கொள்வார்கள். என் பங்குக்கு வயர்.

வயர் முனையில் இருக்கும் பிளாஸ்டிக் கூட்டைத்தான் கப்ளர் என்பார்கள். அதன் முதுகில் நகம் அளவுக்கு ஒரு நாக்கு இருக்கும். மாட்டும்போது அது போய்க் கவ்விக்கொள்ளும். கழற்றும்போது நாக்கை அழுத்திக்கொண்டு இழுக்க வேண்டும். அழுத்தாமல் இழுத்தால் நாக்கு போய்விடும். இன்ஜின் சூட்டில் பல வருஷம் வெந்த பிளாஸ்டிக் என்றால் அழுத்தி இழுத்தாலும் போய்விடும். அப்பளம் மாதிரி.

நான் அங்கே நிறைய அப்பளம் உடைத்தேன். கடை முதலாளி உடைந்ததையெல்லாம் ஒரு பெயிண்ட் டப்பாவில் போடச் சொன்னார். அது நிறைந்த அன்றைக்கு, "அடுத்த டப்பா உன் வீட்லயிருந்து எடுத்துட்டு வா" என்றார். அதனால் எனக்குத் தெரிந்ததெல்லாம், எது எப்படி உடையும் என்பதுதான். அன்றைக்கு அது போதுமாக இருந்தது.

துணி சுற்றிய விரலால், ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் மேலிருந்த கப்ளர்களை ஒவ்வொன்றாக அழுத்தினேன். முதல் இரண்டில் ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவதை அழுத்தியதும் உதறல் நின்று, வண்டி சீராக ஓடியது. விரலை எடுத்தேன். மறுபடியும் நொண்டியது.

பிளக்குக்கு மின்சாரம் ஏற்றிக் கொடுக்கிற காயிலின் தலையில் அந்தக் கப்ளர் சும்மா உட்கார்ந்திருந்தது. பிடித்துக்கொள்ள நாக்கு இல்லை. ஊரை விட்டுக் கிளம்பும்வரை தாங்கியிருக்கிறது. வேகத்தடைகள் ஒவ்வொன்றும் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பிவிட்டிருக்கின்றன.

முருகேசன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்துனூண்டுங்களா?" என்றார்.

ரப்பர் பேண்டு

இன்ஜினை நிறுத்தி, கப்ளரைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே ஈரம். மூன்று தகட்டில் ஒன்று தன் இடத்தை விட்டுப் பின்னால் நழுவியிருந்தது.

என் ஒரு கையால் ஒன்றும் செய்ய முடியவில்லை. முருகேசன் விரல்கள் ஒவ்வொன்றும் லாரி போல்ட்டு முறுக்கிய விரல்கள். அந்த ஓட்டைக்குள் அவர் நகம்கூடப் போகவில்லை.

"தள்ளுங்க" என்றாள் கோமதி. தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவினாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நான் காட்டிய தகட்டைப் பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளினாள். கிளிக் என்று உட்கார்ந்தது. முருகேசன் தோள் துண்டால் ஈரத்தை ஒற்றி எடுத்தார். வாயால் ஊதினார்.

"ஊதறதுன்னா நல்லா ஊதுங்க. தண்ணி வுடறப்ப இருந்த வேகம் எங்க போச்சு?" என்றாள் அவள்.

மாட்டியாயிற்று. இனி அது எழும்பாமல் கட்ட வேண்டும். பூப்பொட்டலத்தில் இருந்த ரப்பர் பேண்டுகளைச் சேர்த்து, காயிலையும் கப்ளரையும் இறுக்கிச் சுற்றினோம். வண்டி சீராக ஓடியது. நான் பையை எடுத்துத் தோளில் போட்டேன்.

"நீங்களும் ஏறுங்கண்ணா" என்றாள் கோமதி. "வழியில நின்னா நாங்க என்ன பண்றது?"

"நான் அந்தப் பக்கம் போகிறவன்."

"அந்தப் பக்கம் ஆராச்சும் காத்திருக்காங்களா?"

யாரும் இல்லை. ஏறிக்கொண்டேன். குடத்தை மடியில் வைத்துக்கொண்டு, மதியத்திலிருந்து நடந்து கடந்த சாலையிலேயே திரும்பிப் போனேன்.

கோமதியின் போன் அடித்தது. தம்பி. அவன் குரல் வண்டி முழுக்கக் கேட்டது.

"அக்கா, எங்க வாரீங்க? அருமைக்காரர் வந்து உக்காந்துட்டாருக்கா. பெரியப்பா மவளச் சீல மாத்தச் சொல்லிட்டாங்க."

அருமைக்காரர் என்பவர் சடங்குகளை முன்நின்று நடத்துகிற பெரியவர். அவர் உட்கார்ந்துவிட்டால் அதிக நேரம் காக்க வைக்க முடியாது.

"வந்துட்டே இருக்கறோம் சாமி. வாய்க்காப் பாலம் வந்தாச்சு."

வாய்க்கால் பாலம் இன்னும் வரவில்லை. முருகேசன் வண்டியை மிதித்தார். பாலம் தெரிகிற தூரம் வந்தது. அங்கே ஒரு வேகத்தடை. அவர் பார்க்கவில்லை.

பட் என்று ஒரு சின்னச் சத்தம். வண்டி உதற ஆரம்பித்தது.

மூடியைத் திறந்தால் ரப்பர் பேண்டுகள் சூட்டில் இளகி, அறுந்து, புழுக்கள்போலக் கிடந்தன.

பாலத்துக்கு இப்பால்

வெயில் தென்னை உச்சிக்குப் போய்விட்டது. இரண்டு பக்கமும் வாழைத்தோட்டம். வாய்க்கால் தண்ணீரின் குளிர் மண்வாசனையோடு வந்தது.

முருகேசன் பின்பக்கத்திலிருந்து கட்டுக்கம்பிச் சுருளை எடுத்து வந்தார். சென்டரிங் வேலைக்குக் கட்டுகிற கம்பி. "இதப் போட்டு முறுக்குனா ஏழு சென்மத்துக்கும் அவுராது."

"வேண்டாங்க. இன்ஜின் அதிர அதிர, கம்பி பிளாஸ்டிக்கை அறுக்கும். வயர் மேலே உரசினால் எல்லாம் புகைந்துவிடும்."

"அப்ப என்னதானுங்க பண்றது? ஒட்டுற டேப்பு இருக்குது."

டேப்பை ஒட்டிப் பார்த்தார். எண்ணெய்ப் பசையில் அது பிடிக்கவில்லை. சுருண்டு விழுந்தது.

அவர் கம்பிச் சுருளைச் சாலையோரம் போட்டுவிட்டு வரப்பின் மேல் உட்கார்ந்துவிட்டார். தூரத்தில் டவுன் பஸ் ஒன்று வந்துகொண்டிருந்தது.

"கோமதி, நீ பஸ்ல போயிரு. நேரத்துக்குப் போயி நில்லு. நான் பொறகு வாரேன்."

"நான் தனியாப் போவ மாட்டேன்."

"சொன்னாக் கேளு. எனக்கோசரந்தான் ஆறு வருசம் போச்சு. இன்னைக்கும் எனக்கோசரம் போவக் கூடாது."

"தனியாப் போயி எறங்குனா என்ன நெனைப்பாங்க தெரியுமா? புருசனை வுட்டுப்போட்டு வந்துட்டான்னு நெனைப்பாங்க. எங்கப்பன் அதத்தான் ஆறு வருசமாக் காத்துட்டு இருக்காரு. உங்களோட போனா நிப்பேன். இல்லீன்னா பெரியப்பன் மவளே நிக்கட்டும்."

"ரெண்டு பேரும் பஸ்ஸில் போங்கள், நான் வண்டியைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன்.

முருகேசன் என்னை மேலும் கீழும் பார்த்தார். கைக்கட்டு, ஒரு பை, கிழிந்த செருப்பு. "தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். "உங்களுக்கு ஊரு எதுன்னீங்க?"

நான் இன்னும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லை என்பது அவருக்கும் தெரிந்துவிட்டது. அந்த நேரத்திலும் கோமதி சிரித்துவிட்டாள். பஸ் எங்களைக் கடந்து போனது.

கொடிக்கால் கட்டு

சிரிப்பு நின்றதும் அவள் தோட்டத்தைப் பார்த்தபடி நின்றாள். பிறகு பட்டுச்சேலையை முழங்காலுக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பிலிருந்து இறங்கினாள்.

வாழைமரத்தில் காய்ந்து தொங்கிய பட்டை ஒன்றைப் பிடித்து இழுத்தாள். சர்ரென்று கிழிந்து வந்தது. அதை நகத்தால் நீளநீளமாகக் கீறினாள். வாய்க்காலில் முக்கினாள். துண்டில் வைத்துப் பிழியச் சொன்னாள்.

"தண்ணீர் ஆகாதே" என்றேன்.

"நனைக்காட்டி ஒடியுமுங்ணா. சொட்டு இல்லாமப் பிழிஞ்சுட்டாப் போவுது."

வெற்றிலைக் கொடியை அகத்தி மரத்தோடு சேர்த்து நாரால் கட்டுவார்கள். கொடி ஏற ஏறக் கட்டிக்கொண்டே போக வேண்டும். சின்ன வயதில் அது அவள் வேலை. "எங்கப்பன் ஏணி மேல நின்னு மேக்கட்டுக் கட்டுவாரு. நான் கீழ நின்னு கட்டுவேன். இறுக்குனா கொடி கழுத்து நெரிஞ்சுரும். தளத்துனா காத்துல நழுவிரும். நெரியவும் கூடாது, நழுவவும் கூடாது."

மூன்று பேரிடம் ஐந்து கை இருந்தது. நான் கட்டைவிரலால் கப்ளரை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இன்ஜின் சூடு விரலில் ஏறியது. ஏற்கெனவே வெந்தவனுக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. முருகேசன் போன் வெளிச்சத்தை அடித்தார். கோமதி குனிந்தாள். வளையல்களை முழங்கைக்குத் தள்ளிக்கொண்டாள்.

நார் காயிலின் கழுத்தைச் சுற்றி வந்தது. கப்ளரின் முதுகில் குறுக்கே போனது. அடுத்த சுற்று எதிர்ப்பக்கம். கடைசி முனையை முடிச்சுப் போடாமல் மடக்கி, சுற்றுக்கு அடியிலேயே செருகி இழுத்தாள். அதேபோல இன்னொரு நார் மேலே. விரல்கள் யோசிக்கவே இல்லை.

"விரலை எடுங்க" என்றாள்.

எடுத்தேன். முருகேசன் ஓடிப்போய் ஸ்டார்ட் செய்தார். ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு அழுத்தினார். அதிர்ந்தது, கப்ளர் அசையவில்லை. வண்டி ஒரே சீராக உறுமியது.

அப்போதுதான் கோமதி தன் கைகளைப் பார்த்தாள். இரண்டு உள்ளங்கையிலும் கறுப்பு எண்ணெய். மருதாணிக்கு மேலே கரி. அந்தக் கையோடு கூறைச்சேலையைப் பிடிக்க முடியாது. துண்டு ஏற்கெனவே ஊறிப்போயிருந்தது.

முருகேசன் இறங்கி வந்தார். தன் புது வேட்டியின் முனையை அவிழ்த்து நீட்டினார்.

"இதுல தொட."

"புது வேட்டிங்க."

"மேடையில நிக்கப் போறவ நீதானே. என்னைய ஆரு பாக்கப் போறாங்க."

அவள் தயங்கினாள். அவரே அவள் கைகளைப் பிடித்து, ஒவ்வொரு விரலாக அழுத்தித் துடைத்துவிட்டார். அழுக்கெல்லாம் வேட்டிக்கு வந்தது. மாமனார் முன்னால் நிற்க வேண்டும் என்று இன்ஜினைக்கூடக் கழுவிய மனுஷன் அவர். நான் வாய்க்காலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.

வாசல்

மண்டபத்து வாசலில் வண்டி நின்றபோது, வானத்தில் வெளிச்சம் மட்டும் பாக்கி இருந்தது. குலை தள்ளிய வாழைமரங்கள் கட்டியிருந்தார்கள். நாதஸ்வரக்காரர் சீவாளியை ஈரப்படுத்திக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளைக் கோலத்தில் ஓர் இளைஞன் படியிறங்கி ஓடி வந்தான். பின்னால் யாரோ, "டேய், வாசலத் தாண்டக் கூடாதுடா" என்று சத்தம் போட்டார்கள். அவன் காதில் வாங்கவில்லை. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"உள்ள வாங்க மச்சா" என்று முருகேசனையும் கூப்பிட்டான்.

முருகேசன் வேட்டியைக் காட்டினார். "அக்காளக் கூட்டிட்டுப் போ சாமி. நான் வண்டிய ஓரங்கட்டிட்டு வாரேன்."

அவர் ஓரங்கட்டினார். ஆனால் உள்ளே போகவில்லை. நாங்கள் இருவரும் வாசலுக்கு வெளியே, ஜனங்களுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தோம்.

பெரியப்பா மகள் போட்டிருந்த நகைகளைத் தானே கழற்றிக் கோமதிக்குப் போட்டுவிட்டாள். "எங்கடி போன, எனக்கு வேர்த்து ஊத்துது" என்று அவள் சொன்னது எங்களுக்கே கேட்டது. அருமைக்காரர் கூறைச்சேலையை எடுத்துக் கொடுத்தார். ஒரு முனையைத் தம்பியும் மறுமுனையைக் கோமதியும் பிடித்துக்கொண்டார்கள். நாதஸ்வரம் எழுந்தது.

மேடைக்குப் பக்கத்தில் உயரமான ஒரு பெரியவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். அவர்தான் அப்பா என்று முருகேசன் சொன்னார். சடங்கு முடியும்வரை அவர் மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கோமதி காருக்கே சாப்பாடு கொண்டுவந்தாள். இலையில் சுற்றிய சூடான இட்லி. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பெரியவர் வாசல்வரை வந்தார். காரைப் பார்த்தார். முருகேசனின் வேட்டியைப் பார்த்தார். முருகேசன் எழுந்து நின்றார், வாயில் இட்லியோடு. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார்.

"ஒண்ணுஞ் சொல்லுல" என்றார் முருகேசன். அது நல்லதா கெட்டதா என்று என்னைக் கேட்பதுபோலப் பார்த்தார். எனக்கும் தெரியவில்லை.

காலைப் பந்தி

விடிந்ததும் முகம் கழுவச் சமையல்கட்டுப் பக்கம் போனேன். கோட்டை அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. சமையல் மாஸ்டர், வரவேண்டிய ஆட்களில் ஒருவன் வரவில்லை என்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நிறுத்தினார்.

"பரிமாறத் தெரியுமா?"

கைக்கட்டைக் காட்டினேன்.

"சோத்துக் கை நல்லா இருக்குதில்ல? உப்பு வெக்க அது ஒண்ணு போதும். சட்டைய மாத்திட்டு வா. இன்னைக்கு இங்க, நாளைக்குக் கரூர்ல ஒரு விசேசம்."

அப்படித்தான் நான் சமையல் கோஷ்டியில் சேர்ந்தேன்.

தாலி கட்டியதும் முதல் பந்தி உட்கார்ந்தது. உப்புக் கிண்ணத்தைக் கட்டுப் போட்ட கையில் அணைத்துக்கொண்டு, வலது கையால் ஒவ்வோர் இலையின் ஓரத்திலும் வைத்துக்கொண்டே போனேன். ஆள் இல்லாத இலைக்கு உப்பு வைக்கக் கூடாது என்று மாஸ்டர் சொல்லி அனுப்பியிருந்தார்.

வரிசையின் நடுவில் கோமதியின் அப்பா உட்கார்ந்திருந்தார். அவர் இலையில் உப்பு வைத்தேன். பக்கத்து இலைக்கு முன்னால் நாற்காலி காலியாக இருந்தது. தாண்டி நகர்ந்தேன்.

"ஏனப்பா" என்று கூப்பிட்டார்.

நின்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். பிறகு கையை நீட்டிப் பக்கத்து இலையிலும் தெளித்துத் துடைத்தார்.

"இந்த எலைக்கும் வெய்யி" என்றார். "மாப்பள கை கழுவப் போயிருக்காரு."